புழுக்காணி

ஊரெல்லாம் புதுப் பருத்தி. புழு கடித்தால் புழுதான் சாகும். மருந்தடிக்கிற வேலையே இல்லை. ஆனால் புழுக்கள் அதற்கும் பழகிவிடாமலிருக்க, ஊருக்கு ஒரு காணியில் பழைய பருத்தியை விதைத்து அவற்றுக்கே விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். இந்த வருடம் சீட்டு அம்சவல்லிக்கு விழுந்தது.

சோதிக்க வந்த வேளாண்மை அதிகாரி செடி செடியாகப் புரட்டிப் பார்த்தாள். ஒரு புழுகூட இல்லை.

"மருந்தடிச்சீங்களாக்கா?"

"சத்தியமா இல்லம்மா." அம்சவல்லி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் பச்சைக் கறை. "தெனம் காலையில பொறுக்கிப் போட்டுடுறேன். காய் சொத்தையாவுறதப் பாத்துக்கிட்டு எப்படிம்மா சும்மா நிக்கிறது?"

"இங்க வளர்ற பழகாத புழு மத்ததோட கலந்தாத்தான் அதுங்க புதுப் பருத்திக்குப் பழகாது. இங்க புழு இல்லன்னா, ரெண்டே வருசத்துல ஊரே திரும்ப மருந்தடிக்கணும்க்கா."

அம்சவல்லி வரப்பைப் பார்த்தாள். அவள் கணவன் தங்கராசு அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தான். பதினெட்டு வருடம் மருந்தடித்த கை. டம்ளர் நடுங்கி, பாதி டீ வேட்டியில் சிந்திக் கிடந்தது.

மறுநாள் காலை ஒரு புழு செடியிலிருந்து மண்ணில் விழுந்து நெளிந்தது. பழக்கத்தில் எடுத்துவிட்டாள். நசுக்கப் போன விரல் அப்படியே நின்றது. நல்ல கொழுத்த காயாகத் தேடி, அதன்மேல் விட்டாள்.

"அங்க என்னா பண்ற?" வரப்பிலிருந்து தங்கராசு கேட்டான்.

"விருந்து வைக்கிறேன்," என்றாள். "நீங்க டம்ளர ரெண்டு கையாலயும் புடிச்சுக் குடிங்க."