நேற்று அனுப்பிய செய்தி

மருத்துவமனையிலிருந்து நோயாளிகளின் வீட்டாருக்குச் செய்தி அனுப்பும் கணினி சர்வர்களில் இரண்டு முந்தின நாளே நின்றுபோயிருந்தன. அவற்றைப் பராமரிக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெனிட்டா, நின்றவற்றுக்குப் பதிலாக மதியம் புதியவற்றை இயக்கிவிட்டாள். தேங்கிக் கிடந்த செய்திகள் ஒன்றுகூடத் தொலையாமல் வரிசையாகப் போய்ச் சேர்ந்தன. பக்கத்து இருக்கைக்காரர்கள் கைதட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் மருத்துவமனைக்காரர்கள் ஓர் அழைப்பை அவளுக்கு மாற்றிவிட்டார்கள்.

“கோமதிநாயகம் பேசுறேன்மா. என் சம்சாரம் கண்ணு முழிச்சிட்டா, என்னைப் பார்க்கணும்கிறா, உடனே உள்ள வாங்கன்னு இப்ப மெசேஜ் வந்திருக்கு. காலையிலதாம்மா அவளைச் சுடுகாட்டுல விட்டுட்டு வந்தோம்.”

பெனிட்டா அந்தச் செய்தி பதிவான நேரத்தைத் திரையில் தேடிப் பார்த்தாள். “அய்யா, அது நேத்து அனுப்பினது. இங்க மெஷின் கெட்டுப்போய் இப்பதான் சரியாச்சு. மன்னிச்சிடுங்கய்யா.”

“அப்போ, நேத்து என்னைக் கேட்டிருக்கா?”

“ஆமாங்கய்யா.”

யாரோ தன்மேல் பழி சொல்லிவிட்டதுபோல, அவர் அவசரமாகச் சொன்னார்.

“மெசேஜ் வந்தாத்தான் உள்ள விடுவோம்னுட்டாங்க. போனைக் கையிலயே வச்சுக்கிட்டு வாசல்லதாம்மா உக்காந்திருந்தேன்.”