காலி ஆணிகள்

பந்து மெதுவாகக் கால் பக்கம் வந்தது. ஆம்ப்ரோஸ் டிரெட்வெல் அதைத் தட்டிவிட்டு, மூட்டுவலியோடு ஓடி எதிர் முனையைத் தொட்டார்.

தொண்ணூற்றொன்பது.

கூடாரத்தில் சீமாட்டிகள் கைக்குட்டை ஆட்டினார்கள். எல்ம் மரத்தடியில் சக்கர நாற்காலியில் இருந்த அப்பா, கைத்தடியை ஓர் அங்குலம் உயர்த்தினார். எண்பத்திரண்டு வயதில் அவரால் முடிந்த கைதட்டல் அவ்வளவுதான்.

அவர்கள் மாளிகையின் சாப்பாட்டு அறையில், கணப்புக்கு மேலே, பத்தொன்பது வருஷமாக இரண்டு ஆணிகள் காலியாக இருக்கின்றன. மகன் மாவட்டத்துக்காக ஆடும் கவுண்டி அணியில் சேர்ந்த அன்று அப்பா அடிக்கச் சொன்னவை. முதல் சதம் அடித்த மட்டை அங்கே தொங்க வேண்டும்.

விருந்தாளிகள் வரும்போதெல்லாம் ஆம்ப்ரோஸ் அந்த ஆணிகளுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

இப்போது வயது நாற்பத்தொன்று. இந்த ஆகஸ்ட்டோடு ஆட்டத்தை விடுகிறார். இன்று இல்லையென்றால் என்றைக்கும் இல்லை.

மோசமான ஆட்டக்காரர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. மைதானம் அப்பாவுக்குச் சொந்தம். அதில் முப்பது, நாற்பது என்று எப்படியும் எடுத்துவிடுவார். வெளியூர்களில்தான் வாய்க்கவில்லை. ஓரிடத்தில் ஈரம், ஓரிடத்தில் சரிவு, இன்னோரிடத்தில் வெயில் கண்ணைக் குத்தியது.

பந்து வீசிக்கொண்டிருந்த சக்டன் எதிரணிக்காரன். சுரங்கத்தை விட்டுக் கூலிக்கு ஆட வந்தவன். அச்சடித்த ஆட்ட அட்டையில், காசு வாங்காமல் ஆடும் டிரெட்வெல் பெயருக்கு முன்னால் மிஸ்டர் உண்டு. சக்டன் வெறும் சக்டன். மதியம் துரைமாருக்குக் கூடாரத்தில் சால்மன் மீனும் ஷாம்பெய்னும். அவனுக்கு லாயத்துக்குப் பின்னால் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்.

அவன் பந்தைக் கால்சட்டையில் துடைத்தபடி பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் ஆதரவாகச் சொன்னான்.

"ஒண்ணுதான் சார் பாக்கி. பதறாதீங்க, அதே எடத்துலதான் போடுவேன். காலை மட்டும் குறுக்க வச்சிடாதீங்க."

எந்த இடத்தில் என்று ஆம்ப்ரோஸ் கேட்டார்.

சக்டன் சிரித்தான். அவருக்குத் தெரியாமல் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பெரிய வீட்டு வேட்டையில் துப்பாக்கிக்கு நேராகப் பறவையைக் கலைத்துவிடுகிறார்களே, அந்த மாதிரிதான் என்றான். இந்த மைதானத்துக்கு எந்த அணி வந்தாலும் காலையிலேயே கேப்டன் சொல்லிவிடுவார். மிஸ்டர் டிரெட்வெல்லுக்கு மெதுவாக, கால் பக்கமாக. பெரியவர் மனம் கோணினால் அடுத்த வருஷம் மைதானம் கிடையாது. வழக்கமாக நாற்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். இந்த வருஷம் மட்டும் நூறு வரைக்கும் விடச் சொல்லிப் பெரியவர் உத்தரவு.

சொல்லிவிட்டுப் போய் அடுத்த பந்தைப் போட்டான். எதிர் முனையில் இருந்தவர் ஒரு ரன் ஓடினார். ஆம்ப்ரோஸ் மறுபடி ஸ்டம்புக்கு முன்னால் வந்து நின்றார்.

மைதானம் முழுக்க ஒரு சுற்றுப் பார்த்தார். ஸ்லிப்பில் நின்றவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். நடுவர் தொப்பியைச் சரிசெய்தார். எல்லாருக்கும் தெரியும். பத்தொன்பது வருஷமாக எல்லாருக்கும் தெரியும்.

இன்னும் ஒரே ஒரு தட்டு. ஆணிகள் நிறைந்துவிடும். அப்பா நிம்மதியாகக் கண்ணை மூடுவார்.

அவர் பாதி ஆடுகளம் வரை நடந்து போனார்.

"சக்டன், எல்லாருக்கும் எப்படிப் போடுவியோ அப்படிப் போடு. இது என் உத்தரவு."

சக்டன் தன் கேப்டனைப் பார்த்தான். கேப்டன் எல்ம் மரத்தடியைப் பார்த்தார். பிறகு தன் காலணியைப் பார்த்துக்கொண்டார்.

சக்டன் திரும்பி நடந்தான். வழக்கமாக ஓடத் தொடங்கும் இடத்தைத் தாண்டி இன்னும் பத்து அடி பின்னால் போனான்.

ஆம்ப்ரோஸ் திரும்பி வந்து ஸ்டம்புக்கு முன்னால் நின்றார். பயமாக இருந்தது. கூடவே ஒரு சந்தோஷமும். மட்டையோடு நிற்கும்போது இந்த மைதானத்தில் அவர் பயப்படுவது இதுதான் முதல் தடவை.

சக்டன் புழுதி கிளம்ப ஓடி வந்தான். அவன் கை சுழன்றது தெரிந்தது. பந்து தெரியவில்லை. ஆம்ப்ரோஸ் உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி மட்டையை வீசினார். அது முழுவட்டம் போட்டுத் தோளுக்கு மேலே வந்து நின்றது.

அப்புறம், முதுகுக்குப் பின்னால், ஸ்டம்பின் தலையில் இருந்த பெயில் கட்டை ஒன்று பொத்தென்று விழுந்தது.

இதுதான் வேகமா என்று நினைத்துக்கொண்டார். கண்ணில்கூடப் படவில்லை.

கூட்டம் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டது. அப்பாவின் கைத்தடி அசையவில்லை. ஆம்ப்ரோஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டு, தலை நிமிர்ந்து, சிரித்தபடி நடந்தார். சக்டன் நின்ற இடத்துக்குப் போய்க் கையை நீட்டினார். அந்த மைதானத்தில் ஒரு மிஸ்டர் கூலி ஆட்டக்காரனுக்குக் கை கொடுத்ததை யாரும் பார்த்ததில்லை.

"நன்றி சக்டன். ஒரு பந்தாவது நிஜமா ஆடினேன். அது போதும் எனக்கு."

சக்டன் தொப்பியைக் கழற்றினான். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் பாடுகிறவன். நீட்டிய கையைப் பொய்யாகப் பிடிக்க அவனுக்கு மனசு வரவில்லை.

"மன்னிச்சிடுங்க சார். கேப்டன் தலையாட்டலையே. ஓட்டத்தைத்தான் கூட்டினேன். போட்டது அதே மெதுவான பந்துதான்."