கூடுதலாக அரைமணி நேரம்

"புத்தகத்தைத் திறந்தா கொட்டாவி, பரீட்சைன்னா நடுக்கம். இதுக்கு ஒரு டெஸ்ட், ஒரு சர்டிபிகேட். எங்கக்காவுக்குச் சோம்பேறித்தனம்னு எழுதிக் குடுத்துடுங்க மேடம், வேலை முடிஞ்சது."

தங்கை சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அக்காவும் சிரித்தாள். மனநல ஆலோசகர் மட்டும் சிரிக்கவில்லை.

அக்காவுக்கு வயது முப்பத்தாறு. ஒரு பெரிய மருத்துவமனையில், ஆபரேஷன் கருவிகளைக் கழுவித் தட்டில் அடுக்கி, கிருமி நீக்கும் இயந்திரத்துக்கு அனுப்பும் பிரிவில் பதினொரு வருட வேலை. அந்த இயந்திரத்தை இயக்கும் ஆபரேட்டர் ஆவதற்கு ஓர் எழுத்துத் தேர்வு உண்டு. மூன்று முறைதான் எழுத விடுவார்கள். இரண்டு முறை ஆகிவிட்டது.

"புதுசா வர்ற ஆபரேட்டருக்கு எந்த பட்டன் எதுக்குன்னு இவதான் காட்டிக் குடுக்கறா மேடம். பேப்பரைக் கையில குடுத்தா மட்டும் பேந்தப் பேந்த முழிக்கறா."

"ஹால்ல யாராவது நாற்காலியை இழுத்தாலே போதும் மேடம்," என்றாள் அக்கா. "படிச்சதெல்லாம் துடைச்ச மாதிரி போயிடும். திரும்பி வர்றப்ப பஸ்ஸுல ஒவ்வொண்ணா ஞாபகம் வரும்."

"அப்ப பஸ்லயே பரீட்சை வெக்கச் சொல்லுவோம்."

ஆலோசகர் தங்கையை வெளியே உட்காரவைத்துவிட்டு, ஒரு மணி நேரம் அக்காவைச் சோதித்தார். படங்களைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பதில் அக்கா வேகம். எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதில் மூன்றைத் தாண்ட முடியவில்லை. நடுவே பக்கத்து அறைக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த மூன்றும் வரவில்லை.

தங்கையை உள்ளே கூப்பிட்டார்.

"சோம்பேறித்தனம் இல்லம்மா. நல்லாவே யோசிக்கறாங்க. கேட்டதை மனசுல பிடிச்சு வெக்கறதுதான் சிரமம். சின்ன வயசுல வருஷக்கணக்கா பயந்து வளர்ந்த சிலபேர்கிட்ட இதைப் பார்த்திருக்கேன். பாடத்தைக் கவனிக்க வேண்டிய மூளை, அடுத்த அடி எந்தப் பக்கத்துலேருந்து வரும்னு கவனிச்சே பழகிடும்."

"எங்க வீட்டுலயா?"

"அப்படி ஏதாவது இருந்தா இந்தப் படிவத்துல எழுதுங்க. பரீட்சைக்குத் தனி ரூமும் அரைமணி நேரம் கூடுதலும் கிடைக்கும். காரணம் இல்லாம அனுப்பினா திருப்பிடுவாங்க. குடும்பத்துல ஒருத்தர் படிச்சுப் பார்த்து சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

தங்கை படிவத்தை இழுத்துக்கொண்டாள். 'சிறுவயதில் வீட்டில் அடி, மிரட்டல் இருந்ததா?' யோசிக்கவே இல்லை. 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டாள்.

"அவங்களைக் கேட்டு எழுதலாமே."

"ஒரே வீடுதானே மேடம். எங்கப்பா சாகற வரைக்கும் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்ல. நான் காலேஜ் முடிக்கிற வரைக்கும் மழை வந்தா பஸ் ஸ்டாப்புல குடையோட நிப்பார். 'மானம் போகுது, போங்கப்பா'ன்னு திட்டுவேன். அடுத்த மழைக்கும் நிப்பார். அந்த மனுஷன் அடிச்சார்னு எழுதினா என் கை அழுகிப் போயிடும்."

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குக் காய்ச்சல் வந்தப்ப என்ன பண்ணினார், அதைச் சொல்லு பாப்பா."

"இதை ஒரு நூறு தடவை கேட்டிருப்பா மேடம். மூணு நாள் என் தலைமாட்டுலயே உட்கார்ந்து தூங்கினார். போதுமா?"

"கையைப் பிடிச்சுக்கிட்டு," என்றாள் அக்கா.

"ஆமாம், கையைப் பிடிச்சுக்கிட்டு."

ஆலோசகர் அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"பாப்பா எழுதினதுதான் மேடம். இல்லைன்னே இருக்கட்டும்."

ஆலோசகர் பேனாவை மூடினார். "அடையாள அட்டை நகல் ஒண்ணு வேணும். கீழ ஜெராக்ஸ் கடை இருக்கு."

தங்கை எழுந்தாள். "நான் வர்றதுக்குள்ள இங்கயும் தூங்கிடாதக்கா."

அவள் போனதும் ஆலோசகர் மெதுவாகக் கேட்டார். "கதவு சாத்தினப்ப ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டீங்களே. அது உங்களுக்குத் தெரியுமா?"

அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயசு வித்தியாசம் மேடம். அவ பொறந்த வருஷம் அவர் படுத்த படுக்கையாயிட்டார். பிழைச்சு எழுந்தப்ப குடியை விட்டார். பெல்ட்டையும் விட்டார். அப்புறம் ஒருநாளும் கை நீட்டல. அவ வளர்ந்த வீடு வேற."

"அப்ப 'ஆமாம்'னு மாத்திடறேன். உங்களுக்கு இது கடைசி முயற்சி."

அக்கா படிவத்தைப் பார்த்தாள். "அந்த மெஷினை ஒருநாளாவது நானே ஓட்டிப் பார்க்கணும்னு ஆசை மேடம். பதினொரு வருஷமா அது பக்கத்துலயே நிக்கறேன்." சாட்சிக் கையெழுத்துக்கான இடத்தில் விரலை வைத்தாள். "ஆனா அவ படிச்சுப் பார்த்துதானே கையெழுத்துப் போடணும்?"

"வேற யாராவது போடலாம். அம்மா?"

"அம்மா இல்ல. எனக்கு அவதான், அவளுக்கு நான்தான். நான் எப்பவும் போல ஹால்லயே எழுதிக்கறேன்."

ஆலோசகருக்குக் கோபமே வந்துவிட்டது. "செத்துப்போன மனுஷனை இன்னும் எதுக்கும்மா காப்பாத்தறீங்க?"

படியில் தங்கையின் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவரை இல்ல மேடம். எங்க ரெண்டு பேர்ல ஒருத்திக்காவது அப்பா இருந்துட்டுப் போகட்டும்."