உரிந்த பளபளப்பு

அந்தப் பெண்ணின் கையில் இருந்ததைப் பார்த்ததுமே கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டார். மின்அடுப்பில் பழத்துண்டு காயவைக்கும்போது அடியில் விரிக்க என்று போன மாதம் அவர் அவள் தலையில் கட்டிய, எதுவும் ஒட்டாத ஷீட்!

"அண்ணே, இதோட பளபளப்பு உரியுது. பழத்துலயும் ஒட்டியிருக்கு. சாப்பாட்டுச் சாமானுக்கு உள்ளதுதானே?"

பனியனில் படம் அச்சடிக்கும் மெஷினுக்கு வந்த ஷீட் அது. உறையை மாற்றியவரே அவர்தான்.

"சொக்கத்தங்கம்மா!"

"சூட்டுல விஷம் கிஷம் இறங்காதே?"

"இறங்கினா கடையை இழுத்து மூடிடறேன்."

"நாலு வீட்டுக் குழந்தைங்களுக்குக் காயவெச்சுக் கொடுக்கறேன். நேத்துலேர்ந்து தூக்கமே இல்லை. தப்புன்னா சொல்லிடுங்க, மொத்தத்தையும் குப்பையில கொட்டிடறேன்."

கொட்டிவிடச் சொல்ல அவர் வாயெடுத்தார். ஆனால் பக்கத்தில் இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். உண்மையைச் சொன்னால் மானம் சந்தி சிரிக்கும்.

"என் பொண்ணுக்கே கொடுப்பேன்மா, போதுமா?"

"அப்பாடா!" அவள் அவசரமாகப் போனை எடுத்தாள். "இதை அண்ணிகிட்டச் சொல்லிடறேன்."

"எந்த அண்ணி?"

"உங்க வீட்டம்மாதான்! ஒரு மாசமா உங்க பாப்பாவுக்கு என்கிட்டத்தானே பழத்துண்டு வாங்கறாங்க. பாப்பாவுக்குக் கொடுக்க வேண்டாம்னு காலையிலதான் போன் பண்ணி நிறுத்தினேன்... ஹலோ அண்ணி, பயமே இல்லையாம். அண்ணனே சொல்லிட்டார்!"

அவர் கல்லாவைத் தாண்டிப் பாய்வதற்குள் போனில் மனைவியின் குரல் கணீரென்று கேட்டது.

"அவரே சொல்லிட்டாரா? அப்ப சரி. பழ டப்பாவைக் கேட்டு இவ ஒரே அழுகை. இதோ, கையிலயே கொடுத்துட்டேன்."