குப்பை வண்டியில் வந்த பாட்டு

தங்கபுஷ்பம் உச்சத்தில் பாடினால் எங்கள் தெருக் குக்கர்களெல்லாம் விசிலடிக்க வெட்கப்படும். ஓடிப்போன புருஷனை நினைத்து அவளே எழுதி, மெட்டுப் போட்டு, கோயில் கொடைத் திருவிழாக்களில் பாடிய பாட்டுக்குக் கல்தூண்கள்கூட மூக்கைச் சிந்தின. பக்கத்தில் நின்று கிடார் வாசித்தவன் எபனேசர். "நம்ம பாட்டைப் பெரிய எடத்துல சேத்துட்டு வாரேங்க்கா" என்று சென்னைக்கு பஸ் ஏறினான்.

இன்று காலை குப்பை வண்டி அந்த மெட்டோடு தெருவுக்குள் நுழைந்தது. "போனவனே" என்ற இடத்தில் "மக்கும் குப்பை" என்றிருந்தது. குரல் எபனேசருடையது.

"நல்லாருக்குல்லா யக்கா? எபனேசர் சார் சொந்தமா எழுதுனதாம்!" என்றாள் வண்டிக்காரி லூர்து.

தங்கபுஷ்பம் உள்ளே போய், அவன் முன்பு பரிசாகக் கொடுத்த கிடாரைத் தூக்கிவந்து நீட்டினாள். லூர்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இது மக்குமா, மக்காதாக்கா?"

தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். தெருவே காதைப் பொத்தத் தயாரானது. சத்தம் வரவில்லை. கிடாரின் கழுத்தையும் அவள் விடவில்லை. வண்டியில் பாட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.