டிக் அடிக்காத கட்டம்

இது சத்தியமாக நடந்தது. இதில் ஒரு சொல் பொய் என்றாலும், என் பல்செட் இன்று ராத்திரியே கிண்ணத்தோடு காணாமல் போகட்டும்.

மகள் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவளுடைய அம்மாவின் படம்.

"கல்யாண போட்டோல அம்மா தலையைக் குனிஞ்சுட்டே நிக்கறாங்கப்பா. மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணு குடுங்க, பெருசாக்கி மாட்டணும். சொந்தக்காரங்களுக்கும் போடுவேன், அதனால எடுத்த இடத்தை அழிச்சுட்டு அனுப்புங்க."

படத்துக்குள் விலாசம் ஒளிந்திருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எடுத்த இடம், எடுத்த நாள், எடுத்தவர் பெயர் என்று ஒவ்வொரு படமும் தன் ஜாதகத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் திரிகிறதாம். வேண்டாததை டிக் அடித்தால் மொத்தப் படங்களிலிருந்தும் ஒரே இழுப்பில் உருவிப் போடுகிற ஒரு புரோகிராமை மாப்பிள்ளை என் கணினியில் ஏற்றிவைத்திருந்தார்.

"இடத்தை மட்டும் டிக் அடிங்க மாமா. மத்ததுல கை வைக்காதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

நான் நாளையும் சேர்த்து அடித்தேன். படங்கள் எல்லாம் ஒரு தேதியோடு நின்றுபோயிருந்தன. அந்தத் தேதியை எனக்குப் பிடிக்காது.

சாப்பாட்டு மேசையில் கணினி. எதிரே காலி நாற்காலி. திரையில் பச்சைக் கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது.

முதலில் இடம் போயிற்று.

கடற்கரைப் படத்தில் இருந்த கடல், இருக்க இடம் இல்லாமல் கணினியின் ஓரமாக வழிய ஆரம்பித்தது. வாளி வைத்தேன். மலைப் படத்தின் பனி கூடத்துக்குள் இறங்கியது. சால்வையைப் போர்த்திக்கொண்டேன். நம்பாதவர்கள் வந்து மேசையை நக்கிப் பார்க்கலாம். இன்னும் உப்புக் கரிக்கிறது.

பிறகு நாள் போயிற்று.

நாளே இல்லை என்றால் ஒருத்தி எந்த நாளில் செத்துப்போக முடியும்? ஒவ்வொரு படத்திலிருந்தும் என் மனைவி இறங்கி வந்தாள். தலைக்குச் சாயம் அடித்தவள், அடிப்பதை விட்டவள், என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவள்.

பெண்டாட்டியிடம் திட்டு வாங்கியவர்கள் ஊர் முழுக்க உண்டு. ஒரே பெண்டாட்டி கூட்டமாக வந்து திட்டி, வாங்கிக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

"இந்தச் சட்டையையா இன்னும் போட்டிருக்கீங்க? காலர் கிழிஞ்சு தொங்குது பாருங்க" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள்.

டீ போட்டேன். தம்ளர் பற்றவில்லை. பல் விளக்கும் குவளையில்கூட ஊற்றிக் கொடுத்தேன். இந்த வீட்டில் அவ்வளவு சத்தம் கேட்டு எத்தனை காலமாயிற்று!

வினை அப்புறம்தான் வந்தது.

குடித்து முடித்ததும் எல்லாரும் திரும்பப் படத்துக்குள் போகக் கிளம்பினார்கள். எந்தப் படம், எந்த ஊர், எந்த நாள்? எதையும்தான் நான் விட்டுவைக்கவில்லையே. கொஞ்ச நேரம் கணினியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வழியாகவே போய்விட்டார்கள்.

கடைசியாகப் போனவள் கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். அந்தப் பழக்கம் அவளுக்கு உண்டு.

அதனால்தான் இப்போது எந்தப் படத்திலும் அவள் இல்லை. கடலுக்கு முன்னால் நான். மலைக்கு முன்னால் நான். ரயில் நிலையத்தில், சீக்கிரம் ஆகட்டும் என்கிற முகத்தோடு நான்.

இதை ஒன்று விடாமல் மகளிடம் சொன்னேன். வழக்கமாக என் கதைகளுக்கு, "போதும்ப்பா, காது வலிக்குது" என்பாள். இந்த முறை தன் படங்களையெல்லாம் தேடிவிட்டு வந்தாள்.

"எங்கிட்டயும் ஒண்ணுகூட இல்லப்பா" என்றாள்.

மாப்பிள்ளை பேச்சில் பாதியையாவது நான் கேட்டிருக்கிறேன். மூன்றாவது கட்டத்தில் டிக் அடிக்கவில்லை. எடுத்தவர் பெயர் என்கிற இடத்தில், அத்தனை படங்களிலும், அவள் பெயர்தான் இருக்கிறது.