சறுக்குமரத்தின் உயரம்

மலைவிடுதியில் புதிய விளையாட்டுத் திடல் எப்படி இருக்க வேண்டும் என்று, விடுமுறைக்கு வந்திருந்த குடும்பங்களையெல்லாம் புல்தரையில் கூட்டிவைத்துக் கேட்டார்கள். சறுக்குமரத்தின் உயரம் ஒன்றரை மீட்டர் என்று பொறியாளர் எட்வின் முன்பே வரைபடத்தில் எழுதிவிட்டார். ஆனாலும் கேட்டதாக இருக்கட்டும் என்று, அளவு டேப்பின் நுனியை முன்வரிசையில் இருந்த ஏழு வயது நஸ்ரினிடம் நீட்டி, "எவ்வளவு உசரம் வேணும்னு நீயே காட்டு பாப்பா" என்றார். அவள் கையை உயர்த்திப் பார்த்தாள். போதவில்லை. நாற்காலியில் ஏறினாள். அதுவும் போதாமல், நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு பக்கத்து மாமரத்தில் ஏறத் தொடங்கினாள். "இறங்குடி!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்த அம்மா, மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "அந்தக் கிளை வேணாம், வலது பக்கத்தப் புடி" என்றாள். கூட்டம் மொத்தமும் எழுந்து "இன்னும்! இன்னும்!" என்று கூவியது. எட்வினின் கைக்குள்ளிருந்து சரசரவென்று ஓடிய டேப், ஐந்து மீட்டரோடு தீர்ந்து வெடுக்கென்று நின்றது. "விடுங்க அங்கிள், உச்சி இன்னும் வரல!" என்று இலைகளுக்குள்ளிருந்து, பல்லைத் திறக்காமலே குரல் வந்தது. எட்வின் டேப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மரத்தடிக்கு வந்து, ஒரு காலால் மறு காலின் செருப்பைக் கழற்றினார்.